வேர்ட்பிரஸ் தளத்தில் அழித்த மால்வேர் மறுபடி வருகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் கல்வெட்டுக் கட்டுரைகள் உள்ள வேர்ட்பிரஸ் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முகவரியை நேராகத் தட்டினால் ஒழுங்காகத் திறக்கிறது. மொபைலில் கூகுளில் தேடி வருபவர்களை மட்டும் ஏதோ லாட்டரி பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஒரு வாசகர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பித்தான் தெரிந்தது.

படங்கள் மட்டுமே இருக்கவேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு பிஎச்பி ஃபைல் (சர்வரில் ஓடும் நிரல்) கிடந்தது. அதை அழித்து, எச்டிஅக்சஸ் ஃபைலை (வருபவர்களை எங்கே அனுப்புவது போன்ற சர்வர் விதிகள் உள்ள ஃபைல்) சுத்தம் செய்து, பாஸ்வேர்டெல்லாம் மாற்றி, வேர்ட்பிரஸையும் புதிதாகப் போட்டேன். மறுநாளே அந்த பிஎச்பி ஃபைல் வேறு பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறது! பேக்கப்பிலும் இருக்கிறது.

கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை), எம்யூ பிளகின்ஸ் ஃபோல்டர் (தானாகவே இயங்கும் பிளகின்கள் இருக்கும் இடம்) இரண்டிலும் ஒன்றும் தென்படவில்லை. அப்புறம் டேட்டாபேஸ்தான் மிச்சம். அதில் தளத்தின் அமைப்புகள் இருக்கும் ஆப்ஷன்ஸ் டேபிளில் குறிப்பாக எதைத் தேடவேண்டும்? கட்டுரைகளை இழக்க முடியாது. இதைச் சரிசெய்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.