பொருள்: ஆஸ்கர் அட்டவணையில் 'நாமினி' – பரிந்துரையா, வேறு சொல்லா?

குழுவினருக்கு வணக்கம்.

1929 முதல் 1960 வரை வழங்கப்பட்ட ஆஸ்கர் விருதுகளுக்குத் தமிழில் ஓர் அட்டவணை தொகுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு பத்திகள்: ஆண்டு, பிரிவு, விருது பெற்றவர், பரிந்துரைக்கப்பட்டவர்கள் (ஆங்கிலத்தில் 'நாமினி', அதாவது விருதுக்கான கடைசிப் பட்டியலில் இடம்பெறுபவர்). போன வாரம் மெய்ப்புத் தாள் திரும்பி வந்தது. நான்காவது பத்தியின் தலைப்பைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மெய்ப்புத் திருத்துபவர் ஓரத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: "பரிந்துரைத்தவர் யார்?"

நியாயமான கேள்வி. யாரும் பரிந்துரைக்கவில்லை. டாக்டர் மருந்தைப் பரிந்துரைக்கிறார். வட்டாரப் பெரியவர் வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் தருகிறார். இரண்டிலும் ஒருவர் இன்னொருவருக்காகப் பரிந்து பேசுகிறார். ஆஸ்கரில் அப்படி எதுவும் நடப்பதில்லை. நடிகர்களின் பெயர்களை, ஆஸ்கரை வழங்கும் அகாதமியின் நடிகர் பிரிவினர் வாக்குப் போட்டுப் பொறுக்குகிறார்கள். அப்படித் தேறிய பெயர்களுக்குள்தான் கடைசி வாக்கெடுப்பு. அதாவது நாமினி ஆவதே ஒரு வாக்கெடுப்பில் தேறுவதுதான்.

இது வெறும் சொல் நுணுக்கம் என்று நினைப்பவர்கள் நம் நாளிதழ்களைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து ஒரு படத்தை அயல்மொழிப் பட விருதுக்கு அனுப்பிவைத்தாலும் 'ஆஸ்கருக்குப் பரிந்துரை' என்று தலைப்பு வருகிறது. அந்தப் படம் கடைசி ஐந்தில் ஒன்றாக வந்தாலும் அதே தலைப்புத்தான். 1969இல் 'தெய்வமகன்' அனுப்பப்பட்டது, ஐந்தில் இடம்பெறவில்லை. 1957ஆம் ஆண்டுப் படமான 'மதர் இந்தியா' அனுப்பவும்பட்டது, ஐந்தில் ஒன்றாகவும் வந்தது. விருது இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'நைட்ஸ் ஆஃப் கபிரியா'வுக்குப் போனது. தமிழில் படிப்பவருக்கு இரண்டு படங்களும் ஒரே படியில் நிற்கின்றன. நாளிதழில் மேசைப் பணி பார்த்த காலத்தில் இந்தத் தலைப்பை நானே பலமுறை போட்டிருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வேறு சொற்களையும் உரசிப் பார்த்தேன். 'நியமனம்' என்றால் பதவியில் அமர்த்துவது. நியமன உறுப்பினர் தேர்தலில் நிற்காமலே உள்ளே வந்துவிடுகிறார். 'முன்மொழிவு' கூட்டத்தில் ஒரே ஒருவர் எழுந்து செய்கிற காரியம். பின்னாலேயே வழிமொழிய ஒருவர் வேண்டும். 'வேட்பாளர்' கொஞ்சம் ஆசை காட்டியது, ஆனால் வேட்பு என்றால் விருப்பம். தானே மனுப் போட்டு வந்து நிற்பவர்தான் வேட்பாளர்.

ஆகவே என் முன்வைப்பு: நாமினேஷனுக்கு 'முன்தெரிவு', நாமினிக்கு 'முன்தெரிவர்'. இந்தியாவிலிருந்து அனுப்பும் படத்தை 'அனுப்பப்பட்ட படம்' என்று சொன்னாலே போதும், அதற்குக் கலைச்சொல் வேண்டியதில்லை. எழுதிப் பார்த்தேன்: "1950ஆம் ஆண்டுப் படமான 'ஆல் அபவுட் ஈவ்' 14 முன்தெரிவுகள் பெற்று 6 விருதுகளை அடைந்தது." நாக்கில் இடறவில்லை.

ஆனால் அட்டவணையின் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே சொல் தள்ளாடுகிறது. முதல் விழா 1929 மே 16 அன்று, ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில். அன்று விருது பெறாதவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் தந்தார்கள். நடிகை ஜேனட் கேனர் மூன்று படங்களுக்காகச் சேர்த்து ஒரே விருது பெற்றார். இரண்டாவது ஆண்டு இன்னும் மோசம்: 1930 ஏப்ரல் 3 விருந்தில் விருதாளர் பெயர்களை மட்டும் அறிவித்தார்கள். நாமினி என்று யாரையும் அறிவிக்கவில்லை. நடிகை விருது பெற்ற மேரி பிக்ஃபோர்டின் பெயருக்குப் பக்கத்தில் இன்று அட்டவணைகளில் காணும் மற்ற பெயர்கள், நடுவர்கள் யார் யாரை எண்ணிப் பார்த்தார்கள் என்று பழைய ஆவணங்களிலிருந்து பிற்பாடு எடுத்தவை. அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் 'பரிசீலனையில் இருந்தவர்கள்' என்று போடலாமா?

உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து
மொழிபெயர்ப்பாளர்

———

மறுமடல், யாழ்ப்பாணத்திலிருந்து:

அன்புள்ள ஐயா,

'தெரிவு' எங்களுக்கு அன்றாடச் சொல். பாராளுமன்றத் தெரிவுக்குழு என்போம். தேர்தலில் வென்றவரை 'தெரிவானார்' என்றே எழுதுவோம். என் தயக்கமும் அங்கேதான். 'முன்தெரிவர்' என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் வாசித்தால் 'முன்கூட்டியே வென்றுவிட்டவர்' என்று எடுத்துக்கொள்வார்.

நீங்கள் சொன்ன முதலாவது விழாவுக்கு அந்தப் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது வேறு கதை. அந்த ஆண்டு விருதாளர்கள் யார் என்று மூன்று மாதம் முன்பே அறிவித்துவிட்டார்கள். நடிகர் விருது பெற்ற எமில் யானிங்ஸ் விழாவுக்கு முன்னரே சிலையைக் கையில் வாங்கிக்கொண்டு ஜெர்மனிக்குக் கப்பலேறிவிட்டார். அவர் அசல் முன்தெரிவர்!

———

மறுமடல், தஞ்சாவூரிலிருந்து:

> 'முன்தெரிவு' ... நாக்கில் இடறவில்லை.

நாக்கில் இடறாது, நன்னூலில் இடறும். னகரத்தின் பின் வரும் தகரம் றகரமாகத் திரியும். 'முன்றெரிவு' என்றே புணர வேண்டும். அப்படி எழுதினால் ஒருவருக்கும் விளங்காது என்பதும் எனக்குத் தெரியும். முன்தேதி, முன்தொகை என்று வங்கியில் எழுதும் நாடு இது. எனவே பதிவுக்காகச் சொன்னதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் புதுச்சொல் எதற்கு? பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை இருக்கிறதே. தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். குடத்துக்குள் பெயர் போனவர் 'ஓலையர்'. ஹாலிவுட்டில் உறையைப் பிரிப்பதும் நம் ஓலையை எடுப்பதும் ஒன்றுதானே?

———

மறுமடல், மதுரையிலிருந்து:

புலவர் ஐயாவுக்கு,

'ஓலையர்' அழகான சொல். படித்ததும் கொஞ்ச நேரம் மயங்கித்தான் போனேன். ஆனால் குடவோலை திருவுளச்சீட்டு. குடத்தைக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு ஓலை எடுத்தார்கள். யார் வருவார் என்பது குடத்துக்கே தெரியாது. ஆஸ்கர் உறைக்குள் இருப்பது எண்ணி முடித்த வாக்கு. அந்த உறையே பின்னால் வந்ததுதான். முதலில் பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே பட்டியலைக் கொடுத்து, விழா முடிந்த பிறகு அச்சிடச் சொல்லிவந்தார்கள். 1940 பிப்ரவரியில் ஒரு நாளிதழ் விழாவுக்கு முன்பே மாலைப் பதிப்பில் போட்டுவிட்டது. விருந்துக்கு வந்தவர்கள் வழியிலேயே முடிவைப் படித்துக்கொண்டு வந்தார்கள். மறு ஆண்டிலிருந்துதான் மூடி முத்திரையிட்ட உறை.

யாழ்ப்பாணத்து நண்பருக்கும் இதுவே என் பதில். உறை வந்த பிறகு முன்தெரிவுக்கும் முடிவுக்கும் நடுவில் யாராலும் எட்டிப் பார்க்க முடியாத ஓர் இடைவெளி உண்டாகிவிட்டது. 'முன்' என்ற அசை அந்த இடைவெளியைத்தான் குறிக்கிறது. முடிவு தெரிவதற்கு முந்திய தெரிவு. உங்கள் தயக்கம் முழுதாகத் தீரவில்லை என்றால் 'முன்தெரிவுப் பட்டியல்' என்று நீட்டி எழுதலாம். பட்டியல் என்று வந்தாலே ஒருவருக்கு மேற்பட்டவர் இருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

உறைக்கு முந்திய காலத்திலேயே, முடிவு தெரியாமல் அதே போன்ற இடைவெளியில் சிக்கியவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். 1934 மார்ச் விழா. இயக்குநர் பிரிவில் மூன்று பேர்: ஃபிராங்க் காப்ரா, ஃபிராங்க் லாயிட், ஜார்ஜ் குக்கர். பெயரைப் பார்த்த, விழாவை நடத்திய வில் ரோஜர்ஸ், நண்பனை அழைப்பதுபோல், "வந்து வாங்கிக்கொள், ஃபிராங்க்!" என்றார். காப்ரா எழுந்து மேசைகளுக்கு இடையே நெளிந்து நெளிந்து நடந்தார். ஒளிவட்டம் அவரைத் தேடுவதாக நினைத்து, "இங்கே, இங்கே" என்று கையசைத்தார். அது அரங்கின் எதிர்ப்பக்கம் போய் லாயிடின் மேல் நின்றது. காப்ரா திரும்பித் தன் நாற்காலிக்கு நடந்தார். தன் வாழ்க்கையிலேயே மிக நீண்ட நடை அதுதான் என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த மனிதரை 'பரிந்துரைக்கப்பட்டவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. (அடுத்த ஆண்டே 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' படத்துக்காக விருது வாங்கிவிட்டார், கவலை வேண்டாம்.)

'வென்றவர்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். தமிழில் போட்டியை வெல்கிறோம், பரிசையும் விருதையும் பெறுகிறோம். 'விருதாளர்' போதும். 1989 விழாவிலிருந்து மேடையிலும் 'வென்றவர்' என்று சொல்வதை விட்டுவிட்டு, 'ஆஸ்கர் இன்னாருக்குப் போகிறது' என்கிறார்கள். நமக்கு அந்தச் சங்கடமே இல்லை.

இனி இரண்டு சிக்கல்கள். பாரி ஃபிட்ஜெரால்ட் 1944ஆம் ஆண்டுப் படமான 'கோயிங் மை வே'யின் ஒரே வேடத்துக்காக முதன்மை நடிகர், துணை நடிகர் என இரண்டு பிரிவுகளிலும் முன்தெரிவானார். துணை நடிகர் விருது அவருக்கு. முதன்மை நடிகர் விருது அதே படத்தின் பிங் கிராஸ்பிக்கு. பிறகு அப்படி நேராதபடி விதியை மாற்றினார்கள். 1930 நவம்பர் விழாவில் இதற்கு நேர் எதிர்: கிரெட்டா கார்போவுக்கும் நார்மா ஷியரருக்கும் இரண்டிரண்டு படங்கள். பட்டியலில் நடிகையர் ஐவர், படங்கள் ஏழு. ஷியரர் விருது பெற்றது ஒரு படத்துக்கு மட்டும். ஆகவே ஆளை எண்ணும்போது 'முன்தெரிவர்', வேடத்தை எண்ணும்போது 'முன்தெரிவு' என்று பிரித்துவைத்துக்கொள்கிறேன்.

மற்றது நடிகை பெட்டி டேவிஸ் விவகாரம். 1934ஆம் ஆண்டுப் படங்களுக்கான பட்டியலில் அவர் பெயர் இல்லை. 'ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்' படத்தைப் பார்த்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அகாதமி இறங்கிவந்து, பட்டியலில் இல்லாத பெயரையும் வாக்குச்சீட்டில் எழுதிக்கொள்ளலாம் என்றது. அப்படியும் விருது கிளாடெட் கோல்பெர்ட்டுக்குத்தான். அவர் ரயிலேறப் புறப்பட்டுவிட்டவர். நிலையத்திலிருந்து அழைத்துவந்து கையில் கொடுத்தார்கள். இந்தச் சலுகையால் பயன் கண்டவர் அடுத்த ஆண்டின் ஒளிப்பதிவாளர் ஹால் மோர் ஒருவரே. பட்டியலில் இல்லாமல் சீட்டில் எழுதப்பட்டே விருது பெற்றார். அதன் பிறகு அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இதற்கு 'எழுதிச்சேர்ப்பு' என்று வைத்திருக்கிறேன். 'கையெழுத்துச் சேர்ப்பு' என்றால் மனுவில் ஒப்பமிடுவதாகிவிடும். புலவர் ஐயா இதில் ஒற்று சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 1930 ஏப்ரல் வரிசைகளில் 'பரிசீலனையில் இருந்தவர்கள்' என்று சாய்வெழுத்தில் போட்டுவிட்டேன். ஹால் மோருக்கு விருதாளர் பத்தியில் பெயர் இருக்கிறது. முன்தெரிவர் பத்தியில் மற்றவர்களின் பெயர்கள் மட்டும். அவர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு. மெய்ப்புத் திருத்துபவர் அதையும் சிவப்பு மையால் வட்டமிடுவார் என்று தெரியும். கோட்டை எடுக்கப்போவதில்லை.