புதுப்பிப்பு: பெனிடாயின் மாத்திரையும் அம்மாவின் ரத்தசோகையும்

18 வருஷமா வலிப்புக்கு பெனிடாயின் சாப்பிடுற அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8.4, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறலைன்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"எம்.சி.வி. (ரத்தச் சிவப்பணுக்களோட சராசரி அளவு) பாருங்க, பெனிடாயினால ஃபோலேட்ங்கற பி வைட்டமின் குறைஞ்சிருக்கும்"னு ஒருத்தர் சொன்னதுதான் சரி. எம்.சி.வி. 112 இருந்தது, 100-க்குள்ள இருக்கணும். பழைய ரிப்போர்ட்டிலேயே அந்த எண் தடித்த எழுத்துல இருந்திருக்கு, நாங்க கவனிக்கவே இல்லை. பி12 குறையலைன்னு உறுதி பண்ணிட்டுத்தான் டாக்டர் ஃபோலிக் ஆசிட் (ஃபோலேட் மாத்திரை) ஆரம்பிச்சார். நாலு மாசத்துல ஹீமோகுளோபின் 11.6. மாடிப்படியில பாதியில உட்கார்றவங்க இப்போ நேரா ஏறிடறாங்க.

எதிர்பாராதது ஒண்ணு: ஃபோலிக் ஆசிட் ரத்தத்துல பெனிடாயின் அளவைக் குறைக்கலாமாம். ஆறாவது வாரம் அம்மாவுக்குக் கை வெட்டி இழுத்துச்சு, பயந்துட்டோம். பெனிடாயின் அளவு 7, வழக்கமா 10-லேர்ந்து 20 இருக்கணும். டாக்டர் பெனிடாயின் டோஸை லேசா கூட்டினார், அப்புறம் வலிப்பு வரலை. ஃபோலிக் ஆசிட் தொடங்கினா பெனிடாயின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.