கடற்கரையில் கைக்கெட்டும் தூரத்துப் படங்கள்

குடும்பமாகக் கடலுக்குப் போனால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, பின்னால் கடல் தெரிய ஒரு படம் எடுப்பது வழக்கம். இந்த முறை அதைப் போன உடனேயே முடித்துவிட்டேன். மீதி நேரமெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை மட்டும் எடுக்கலாம் என்று அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கரையில் ஒரு பழைய படகு கிடந்தது. நீலப் பெயிண்ட் உரிந்து அடியில் பச்சை, அதற்கும் அடியில் சிவப்பு. உச்சி வெயிலில் அது வெறும் கறையாகத்தான் தெரிந்தது. வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழ ஆரம்பித்ததும் உரிந்த செதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் வந்துவிட்டது. சொரசொரப்பு படத்தில் தெரிவதே அந்த நிழலால்தான். படகின் பக்கத்துக்கு நேர் இணையாக போனைப் பிடித்ததால் ஓரம் வரை ஃபோகஸ் கிடைத்தது.

நீர் வற்றியிருந்த இடத்தில் மணல் முழுக்க வரிவரியாக மேடும் பள்ளமும். பையன் குனிந்து தடவிப் பார்த்து, "மாமா, இந்தப் பக்கம் சரிவு, அந்தப் பக்கம் செங்குத்தா இருக்கு" என்றான். சரியாகவே கண்டுபிடித்தான்! ஒரே திசையில் ஓடும் நீர் அப்படித்தான் வரி போடும். முன்னும் பின்னும் ஆடும் அலை போட்ட வரி இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருக்கும். சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நின்று, தரையோடு தரையாக வைத்து எடுத்தோம். காய்ந்த வெளிர் மணலைக் கேமரா சாம்பல் நிறமாக்கிவிடும், அதனால் அங்கே எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் வரும் வெளிச்சத்தின் அளவை, ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு) வரை கூட்டிக்கொள்ளுங்கள். ஈர மணலின் பளபளப்பைப் போலரைசர் ஃபில்டர் குறைக்கும். ஆனால் எனக்கு அந்தப் பளபளப்பு வேண்டும், ஈரம் என்று சொல்வதே அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தவை மனிதர்களிடம் எடுத்தவை. அம்மாவின் கணுக்காலில் ஒட்டிய மணல், உப்பில் விறைத்த துண்டின் மடிப்பு, நெடுநேரம் நீரில் கிடந்த பையனின் சுருங்கிய விரல் நுனிகள். தண்ணீர் ஊறி விரல் உப்புவதால் அப்படி ஆகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நரம்பு இட்ட கட்டளையில் உள்ளே ரத்தக் குழாய்கள் சுருங்க, மேல்தோல் மடிகிறது. நரம்பு அறுபட்ட விரல் அப்படிச் சுருங்காது. இதைச் சொன்னதும் வீட்டில் எல்லோரும் கையை நீட்டினார்கள். ஒரே சட்டகத்தில் எல்லாத் தலைமுறையின் விரல்களும் இருக்கும் அந்தப் படத்தைத்தான் பெரிதாக அச்சுப் போடக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம், நீர் வற்றும் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். மறுநாளும் அதே மணல் வரி வேண்டுமென்றால் அதற்கேற்பக் கிளம்புங்கள். காற்றில் லென்ஸ் மாற்ற வேண்டாம். உப்புச் சாரல் பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காமல், நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.