கற்பனை லாயம்: குட்டிகளை ஓடுவதற்கு முன்பே எடுப்பதா, ஓடிய பிறகா?

லாயக்காரன்:
புதிதாக வருபவர்களுக்காக முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் ஆளுக்குப் பத்துக் குட்டி எடுக்கிறோம். எல்லாம் அமெரிக்கக் குட்டிகள், அந்த ஜனவரி 1 அன்று கணக்குப்படி இரண்டு வயதைத் தொட்டவை, எதுவும் இன்னும் ரேஸ் ஓடாதவை. பணம் கட்டுவது கிடையாது. அடுத்த ஆண்டு ஜூனில் மூன்று வயதுக் குதிரைகளுக்கான பெல்மான்ட் ஸ்டேக்ஸ் ரேஸ் முடியும்வரை அவை வாங்குகிற பரிசுத்தொகையைக் கூட்டிக்கொண்டே வருவோம். எந்த லாயம் அதிகம் சம்பாதிக்கிறதோ அதற்கு வெற்றி.

மூன்று சீசனாக ஆடுகிறேன். போன முறை என் பத்தில் நான்கு குட்டிகள் ஒரு ரேஸ்கூட ஓடவில்லை. ஒன்றுக்குக் கால் மூட்டில் எலும்புச் சில்லு. மற்ற மூன்றைப் பற்றிச் செய்தியே இல்லை. அதனால் ஒரு மாற்றம் கேட்கிறேன். பட்டியலை ஜனவரியில் பூட்டாமல், நியூயார்க் மாநிலத்துச் சரடோகா மைதானத்தின் கோடை சீசன் முடிகிற செப்டம்பர் தொடக்கம்வரை திறந்து வையுங்கள். ஒரு குட்டி ஒரு தடவையாவது ஓடுவதைப் பார்த்துவிட்டு எடுப்போம். வம்சமும் ஏல விலையும் மட்டும் பார்த்து எடுப்பது குலுக்கல் சீட்டு மாதிரிதான்.

ஏல விலை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 'தி கிரீன் மங்கி' ஒன்று போதும். 2006 பிப்ரவரி, ஃப்ளோரிடாவில் கால்டர் ஏலம். ஏலத்துக்கு முன் ஓட்டிக் காட்டியபோது ஒரு ஃபர்லாங்கை (சுமார் 200 மீட்டர்) 9.8 விநாடியில் கடந்தது. விலை 1.6 கோடி டாலர் போனது. மொத்தம் மூன்று ரேஸ் ஓடியது, ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. வாழ்நாள் சம்பாத்தியம் 10,440 டாலர். அதற்கும் முன்னால், 1983இல் 1.02 கோடி டாலருக்குப் போன ஸ்னாஃபி டான்சர் ஒரு ரேஸ்கூட ஓடவில்லை.

தாய்வழி:
அண்ணா, விலையையும் வம்சத்தையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். விலை என்பது ஏலக்கூடத்தில் இரண்டு பணக்காரர்கள் முட்டிக்கொண்டதன் விளைவு. வம்சம் அப்படியில்லை. நான் முதலில் பார்ப்பது தாய்க்குதிரையைத்தான். அது வேறு என்ன ஈன்றது, அவை எந்த வயதில், எந்தத் தூரத்தில் ஓடின என்று எழுதி வைத்துக்கொள்வேன்.

'வீக்கெண்ட் சர்ப்ரைஸ்' என்ற தாயை எடுத்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற பந்தயக் குதிரை செக்ரட்டேரியட்டின் மகள். அவள் மகன் சம்மர் ஸ்குவால் 1990 மே மாதம் பிரீக்னெஸ் என்ற பெரிய ரேஸை ஜெயித்தான். அதே கோடையில் அவளுடைய இன்னொரு மகன் ஏலத்துக்கு வந்தான், தந்தை சியாட்டில் ஸ்லூ. அந்தக் குட்டிதான் ஏ.பி. இண்டி. 1992இல் பெல்மான்ட்டும் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கும் ஜெயித்து, அந்த ஆண்டின் சிறந்த குதிரை ஆனது. தாயின் பக்கத்தைப் படித்தவன் அதை ஓடுவதற்கு முன்பே எடுத்திருப்பான்.

உங்கள் செப்டம்பர் பூட்டில் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஜஸ்டிஃபை இரண்டு வயதில் ஓடவே இல்லை. முதல் ரேஸ் 2018 பிப்ரவரி 18, சான்டா அனிடாவில். ஜூன் 9 அன்று பெல்மான்ட்டையும் ஜெயித்து டிரிபிள் கிரௌன், அதாவது கென்டக்கி டெர்பி, பிரீக்னெஸ், பெல்மான்ட் மூன்றும். 111 நாளில் எல்லாம் முடிந்தது. 2023இல் கென்டக்கி டெர்பி ஜெயித்த மேஜும் இரண்டு வயதில் ஓடாததுதான். ஓடிப் பார்த்த பிறகுதான் எடுப்பேன் என்பவர் லாயத்தில் இந்த இரண்டுக்கும் இடமே இல்லை.

லாயக்காரன்:
ஜஸ்டிஃபையைச் சொன்னது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வயதில் ஓடாமல் டெர்பி ஜெயித்த குதிரை அதற்கு முன் 1882இல் அப்போலோ. நடுவில் 136 ஆண்டு. அந்த ஒன்றைப் பிடிக்க எத்தனை குட்டிகளைச் சும்மா லாயத்தில் கட்டிப்போடுவது?

ஏ.பி. இண்டி 29 லட்சம் டாலருக்குப் போனது, சம்பாதித்தது 29.8 லட்சம் டாலர் சொச்சம். அவ்வளவு பெரிய குதிரைக்கே வாங்கிய விலையும் ஜெயித்த தொகையும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. அதன் தந்தையோ வெறும் 17,500 டாலர். சியாட்டில் ஸ்லூவின் முன்வலது கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. குட்டியாகப் பார்த்தபோது பெரிய ஏலத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. 1977இல் ஒரு தோல்வியும் இல்லாமல் டிரிபிள் கிரௌன் ஜெயித்தது. அந்தக் காலைப் பார்த்திருந்தால் நீங்களும் நானும் எடுத்திருப்போமா? 1976 செப்டம்பரில் அது முதல் ரேஸ் ஓடியதைப் பார்த்திருந்தால் எடுத்திருப்போம்.

தாய்வழி:
பார்த்திருந்தால் நம்மில் எல்லோருமே எடுத்திருப்போம். அதுதான் என் கவலை. ஆகஸ்டில் சரடோகாவில் எட்டுக் குதிரை நீளம் தள்ளி ஜெயித்த குட்டி ஒவ்வொருவர் பட்டியலிலும் முதலாவதாக நிற்கும். பிறகு யார் லாயத்துக்கும் தனி முகம் இருக்காது.

இதில் எனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று சொல்கிறேன். கென்டக்கியில் நடக்கும் கீன்லேண்ட் செப்டம்பர் ஏலத்தில் 4,000க்கு மேல் ஒரு வயதுக் குட்டிகள் வரும். ராத்திரி உட்கார்ந்து நடை வீடியோ பார்ப்பேன். இடுப்பில் எண் ஒட்டிய குட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடத்தி வருவார், அவ்வளவுதான் வீடியோ. முன்னங்கால் குளம்பு பதிந்த இடத்தைத் தாண்டிப் பின்னங்கால் விழுகிறதா என்று பார்ப்பேன். தாண்டி விழுந்தால் காலடி நீளம். தலையைத் தொங்கவிட்டு, கயிற்றை இழுக்காமல், அவசரப்படாமல் நடக்கிற குட்டி ஒன்று கண்ணில் பட்டால் எண்ணைக் குறித்துக்கொள்வேன். பதினைந்து மாதம் கழித்து இந்திய நேரம் ராத்திரி ஒன்றரைக்கு அதே குட்டி முதல் ரேஸில் முன்னால் வரும்போது கிடைக்கிற சந்தோஷம், அடுத்தவன் ஜெயித்த பிறகு எடுத்த குட்டியில் கிடைக்குமா?

கிண்டிவாசி:
இரண்டு பேரும் தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எனக்குப் பிரச்சினை கணக்குப் போடும் முறையில்தான் இருப்பதாகப் படுகிறது.

முதலில் 'குலுக்கல் சீட்டு' என்ற சொல்லுக்கு மறுப்பு. மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னது. குதிரையின் ஃபார்ம் (இதுவரை ஓடிய விதம்), உடல் தகுதி, பிறவித் திறன், ஜாக்கியின் திறமை, சுமக்கும் எடை, தூரம் என்று எடைபோட வேண்டியவற்றையும் சொன்னது. ஓடாத குட்டியிடம் ஃபார்ம் இல்லை. பிறவித் திறன் இருக்கிறது, அதை மதிப்பிடத்தான் வம்சமும் நடையும். எடைபோட வேண்டியது குறைகிறதே தவிர, திறமைக்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை.

இப்போது கணக்கு. எந்தக் குதிரை ஓடலாம் என்று முடிவு செய்ய, கென்டக்கி டெர்பியே 2013 முதல் பரிசுத்தொகைக் கணக்கைக் கைவிட்டுப் புள்ளிக்கு மாறிவிட்டது. அதற்கு முன் இரண்டு வயதில் குறுந்தூர ரேஸ்களில் சம்பாதித்த குதிரைகூட அந்தத் தொகையைக் காட்டி டெர்பிக்குள் வரலாம். இப்போது குறுந்தூரத்துக்குப் புள்ளி இல்லை. ஃப்ளோரிடா டெர்பி மாதிரி கடைசிக் கட்ட ரேஸ் ஜெயித்தால் 100. நம் லாயத்திலும் இப்படி வைத்தால் தாமதமாக முதிரும் குட்டியை எடுத்தவருக்கும் நியாயம் கிடைக்கும்.

இன்னொன்றையும் இப்போதே எழுதி வையுங்கள். 1,000 டாலருக்கு விற்ற குட்டி மெடினா ஸ்பிரிட் 2021 டெர்பியில் முதலில் வந்தது. ரேஸ் நாளில் உடலில் இருக்கக் கூடாத பீட்டாமெத்தசோன் மருந்து தென்பட்டதால் 2022 பிப்ரவரியில் வெற்றி ரத்தாகி, இரண்டாவதாக வந்த மாண்டலூனுக்குப் போனது. நம் கணக்கோ ஜூனிலேயே முடிந்துவிடும். அப்படி நடந்தால் பழைய சீசன் கணக்கைத் திருத்துவதா, அப்படியே விடுவதா? திருத்த வேண்டும் என்பது என் கட்சி.

லாயக்காரன்:
திருத்தத்தான் வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. புள்ளி முறையும் சரி. ஆனால் 'விளையும் பயிர் முளையிலேயே தெரியும்' என்கிறவர்களோடு என் சண்டை தீரவில்லை. முளையில் தெரியாமல் விளைந்த பயிர்தான் இந்த விளையாட்டில் அதிகம். கலிஃபோர்னியா குரோமின் தாய் 8,000 டாலர், தந்தையோடு இணை சேர்க்கக் கொடுத்த பொலிக்கட்டணம் சுமார் 2,000. 2014இல் டெர்பியும் பிரீக்னெஸும் ஜெயித்தது. எந்தத் தாய்வழிப் பட்டியலில் அது வந்திருக்கும்?

தாய்வழி:
என் பட்டியலில் வந்திருக்காது. உண்மை. ஆனாலும் ஜனவரிப் பூட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். வேண்டுமானால் ஒன்று செய்யலாம். கால் உடைந்தோ நோய் வந்தோ ஓட முடியாது என்று அறிவிக்கப்பட்ட குட்டிக்குப் பதிலாக ஒரே ஒரு மாற்றுக் குட்டி. அதுவும் ஓடாத குட்டியாகத்தான் இருக்க வேண்டும்.

லாயக்காரன்:
அந்த மாற்றுக் குட்டியை ஏற்கிறேன். பூட்டுத் தேதியை ஏற்கவில்லை. இந்த முறை என் நோட்டில் இரண்டு பத்தி போடுகிறேன். ஜனவரியில் உங்களைப் போல் பத்து, செப்டம்பரில் என் கண்ணால் பார்த்து வேறு பத்து. இரண்டுக்கும் கிண்டிவாசி சொன்ன புள்ளிக் கணக்கு. மாதம் முடிய முடிய இங்கேயே பதிகிறேன்.

தாய்வழி:
பதியுங்கள் அண்ணா. என் பத்தில் ஒன்பது தயார். பத்தாவது இடத்துக்கு இரண்டு பெட்டைக் குட்டிகள் நடுவே இழுபறி, இன்று ராத்திரி நடை வீடியோவை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போடுகிறேன்.