முதல் நாள் வாசிக்காமல் போட்ட கையெழுத்து

திருவட்டாறு பக்கத்திலிருந்து:

அப்பாவை அடித்த வழக்கில் போன மாதம்தான் தீர்ப்பு வந்தது. சம்பவம் நடந்தது 2019இல். எங்கள் ரப்பர் விளைக்குப் போகும் வழியில் தகராறு. பக்கத்து விளைக்காரர் மம்பட்டிக் கணையால், அதாவது மண்வெட்டியின் மரப்பிடியால் அடித்தார், அவர் மகன் அப்பாவின் கைகளைப் பின்னால் பிடித்துக்கொண்டான். இடது முன்கை எலும்பு முறிந்துவிட்டது. நேரில் பார்த்ததும் புகார் கொடுத்ததும் நான்தான்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனபோது இரவு மணி பத்தைத் தாண்டிவிட்டது. கை நடுங்கியதால், ஏட்டு எழுதினார், நான் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன், வாசித்துப் பார்க்கவில்லை. எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் கொடுத்தார்கள், 341, 294(பி), 324, 506(2) என்று அன்றைய தண்டனைச் சட்டமான இ.பி.கோ. பிரிவுகள். எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்ததும் 324 (ஆயுதத்தால் காயம்) என்பது 325 (கொடுங்காயம்) ஆனது. எலும்பு முறிந்தால் சட்டத்தில் அது கொடுங்காயம்.

அப்புறம் சார்ஜ் ஷீட் போய் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு எண்ணான சி.சி. எண் விழுவதற்கே ஒரு வருடத்துக்கு மேல். நடுவில் கொரோனா. பிறகு வாய்தா. ஒருநாள் மாஜிஸ்திரேட் லீவு, ஒருநாள் ஏ2 (இரண்டாம் எதிரியான அந்த மகன்) ஆஜராகவில்லை, ஒருநாள் வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒவ்வொரு தடவையும் அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறுவார். ஊர்க்காரர்கள் ராஜியாகப் போகச் சொன்னார்கள். 325இல் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் ஆகலாம்தான். அப்பா மாட்டேன் என்றுவிட்டார்.

கோர்ட் சேவகரான டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட, முதல் சாட்சியாகக் கூண்டில் ஏறினேன். அரசு வக்கீலான ஏ.பி.பி. கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் சொன்னேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் புகாரை எடுத்தார். அதில் 'இருவரும் கம்பால் அடித்தார்கள்' என்று இருந்தது. கணை எங்கே? பையன் பிடித்துக்கொண்டது எங்கே? ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். பதிவில் அப்பா சொன்னபடி 'தெரிந்த ஒரு நபர் தாக்கியதாக' என்று இருந்தது. அப்பா சொன்னது உண்மை, அடித்தது ஒருவர்தானே. ஆனால் என் கையெழுத்துக்கு மேலே இருந்தது வேறு. 'கையெழுத்து உங்களுடையதுதானே?' என்று அவர் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை.

ஏ1 ஆன பக்கத்து விளைக்காரருக்குத் தண்டனை. ஏ2க்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை. ஏ1 மேல் கோர்ட்டான செஷன்ஸில் அப்பீல் போட்டுத் தண்டனையை நிறுத்திவைத்துவிட்டார். என் மனதில் ஓடுவதெல்லாம் அந்த ஒரு பக்கக் காகிதம்தான். தயவுசெய்து, எவ்வளவு நேரம் ஆனாலும் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

குளச்சலிலிருந்து:

தம்பி, நானும் சாட்சி சொன்னவள்தான். அழகியமண்டபம் பக்கம் பைக் விபத்து ஒன்றை நேரில் பார்த்தேன். போலீஸ் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். மூன்றாவது வருடம் சம்மன் வந்தபோது பைக்கின் நிறம்கூட நினைவில் இல்லை. அன்று போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் (161 வாக்குமூலம் என்பார்கள்) நம்மிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டமாம், அதனால் அதை நான் பார்த்ததே இல்லை. இப்போது எதைப் பார்த்தாலும் அன்றைக்கே டைரியில் எழுதி வைத்துவிடுகிறேன். எனக்கு நானே வைத்துக்கொள்ளும் நினைவுக்குத்தான்.

நாகர்கோவிலிலிருந்து, முன்னாள் வக்கீல் குமாஸ்தா:

தம்பி, ஏ2 விடுதலையானதோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடிபட்டவர் என்ற முறையில் அப்பாவே அதை எதிர்த்து செஷன்ஸில் அப்பீல் போடலாம். 2009 கடைசியில் வந்த உரிமை அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 372, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 413. அரசு போடட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள், நாள் கடத்தக் கூடாது.

2024 ஜூலை 1க்குப் பிறகு எஃப்.ஐ.ஆர். ஆன வழக்கு என்றால், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் போலீசே 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள். கோர்ட்டுக்கு வந்தபின் வழக்குக்கென்று கொடுக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் இருந்தால் அடுத்த வாய்தாவை ஈகோர்ட்ஸ் ஆப்பிலேயே பார்க்கலாம், வீணாகப் பஸ் ஏற வேண்டாம். கொலை மாதிரி வழக்கானால் கதை வேறு. மாஜிஸ்திரேட் பி.ஆர்.சி. எண் போட்டு செஷன்ஸுக்கு அனுப்பிவிடுவார், அங்கே எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) எண்ணாக மாறும். பழைய எண்ணை வைத்துத் தேடி அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருவட்டாறு பக்கத்திலிருந்து:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. 413 பற்றி அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இந்தத் தடவை எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டு, பொறவு ஒப்பு போடுதேன்" என்றார். திங்கட்கிழமை நகல் மனுப் போடுகிறோம்.