மோசெல் ஆற்றங்கரையில் சைக்கிள் பயணம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. செப்டம்பரில் மனைவி, 11 வயது மகனோடு ஜெர்மனி செல்கிறோம். ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை, சுமார் 200 கிலோமீட்டர், மோசெல் ஆற்றை ஒட்டிய பாதையில் சைக்கிளில் போகத் திட்டம். வாடகை சைக்கிளை ட்ரியரில் எடுத்து கோப்லென்ஸில் விட முடியுமா? மகனின் உயரத்துக்குச் சைக்கிள் கிடைக்குமா?

களைத்துப்போனால் ரயிலில் ஏறிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் வரைபடத்தில் பார்த்தால், ட்ரியரை விட்டு விலகிச் சென்ற உடனேயே ரயில் பாதை ஆற்றையும் விட்டுவிடுகிறது, புல்லாய் என்ற ஊர்ப் பக்கம்தான் மறுபடி சேர்கிறது. நடுவில் இருக்கும் பெர்ன்காஸ்டெல்-கூயெஸுக்கு ரயிலே இல்லை. அந்தப் பகுதியில் சைக்கிளை ஏற்றிச்செல்லும் பேருந்து உண்டா? முன்பதிவு வேண்டுமா? பையன் சோர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் பெரிய கவலை.

அப்புறம் நடை. மோசெல்கெர்ன் நிலையத்தில் இறங்கி, எல்ட்ஸ் கோட்டைக்கு ஓடையோரக் காட்டுப்பாதையில் நடப்பது உறுதி. 850 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்திடம் இருக்கும் கோட்டை, அதைத் தவறவிட மனமில்லை. பிரெம் அருகே கால்மோன்ட் செங்குத்துத் திராட்சைச் சரிவில் ஏணியும் கம்பிப்பிடியுமாகப் போகும் பாதைக்குச் சிறுவர்களை அழைத்துப்போனவர்கள் இருக்கிறீர்களா?

ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில்களுக்குச் செல்லும் மாதச் சீட்டு 2026 முதல் 63 யூரோ. பத்து நாளுக்கு அது லாபமா, தினச் சீட்டே போதுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.