பாசிக்கு போறவங்க கைப்புண் மருந்து: டெஸ்ட்டுக்கு 12 பேர் போதுமா?

பாம்பன் தம்பி:
எங்க பெரியம்மா கடல்பாசி எடுக்க போறவங்க. பாறை கிழிச்சு விரல் நுனியெல்லாம் வெடிச்சிருக்கும், துணிய சுத்திக்கிட்டுதான் முங்குவாங்க, உப்புத்தண்ணி பட்டு ஆறவே ஆறாது. இப்ப புதுசா ஒரு களிம்ப டெஸ்ட் பண்ண வந்திருக்காங்க, மொத்தமே 12 பேராம். இத வச்சு என்னத்த கண்டுபிடிப்பாங்க? 200 பேராவது வேணாமா?

மண்டபம் நர்ஸ்:
தம்பி, எடுத்த எடுப்புலயே 200 பேருக்கு தடவி எல்லாருக்கும் கொப்புளம் வந்தா யாரு பதில் சொல்றது? லண்டன்ல 2006ல ஒரு புது மருந்த முதல் தடவையா ஆறு பேருக்கு சில நிமிஷ இடைவெளியில அடுத்தடுத்து ஏத்துனாங்க, ஆறு பேருமே ஐசியூல கெடந்தாங்க. மொத ஸ்டெப்ல ஆள் கம்மியா வைக்கிறதே பாதுகாப்புக்குத்தான்.

பாம்பன் தம்பி:
சரிக்கா, ஒத்துக்கிறேன். ஆனா கையெழுத்து வாங்கும்போது "12 பேருக்கும் ஒண்ணும் ஆகலன்னா மருந்து சேஃப்"னு சொல்லியிருக்காங்களே, ஒருநாள் வலையில இறால் படலன்னா கடல்ல இறாலே இல்லன்னு ஆயிருமா?

கீழக்கரை கணக்கு வாத்தியார்:
தம்பி கேக்குறது நியாயம். பத்துல ஒருத்தருக்கு அலர்ஜி வர்ற மருந்தாவே இருந்தாலும் 12 பேர்ல ஒருத்தருக்கும் வராம போக 28% வாய்ப்பு இருக்கு, 30 பேர்னா அது 4% ஆயிரும். ஆனா 200ங்கிறதும் நீங்களா சொல்ற நம்பர்தான். எவ்வளவு வித்தியாசத்த கண்டுபிடிக்கணும், ஆளுக்கு ஆள் ஆறுற நாள் எவ்வளவு மாறுதுன்னு தெரிஞ்சாத்தான் கணக்கே போட முடியும், தேடுற வித்தியாசம் பாதியா சின்னதாச்சுன்னா ஆள் நாலு மடங்கு வேணும்.

மண்டபம் நர்ஸ்:
அதத்தான் நானும் சொல்றேன், அந்த மாறுற அளவ பாக்கத்தான் இந்த 12 பேர். எத்தன பேரு திரும்ப செக்கப்புக்கு வர்றாங்கன்னும் தெரியும்.

பாம்பன் தம்பி:
எந்த நாள்ல பாக்குறீங்கக்கா? எங்க பெரியம்மா அமாவாச, பௌர்ணமிய ஒட்டித்தான் பாசிக்கு போவாங்க. நடுவுல வீட்ல இருக்கப்ப புண்ணு தன்னால காயும். அப்ப களிம்பு குடுத்தா களிம்புதான் ஆத்துச்சுன்னு எழுதிருவாங்க.

கீழக்கரை கணக்கு வாத்தியார்:
இது பெரிய ஓட்டை. களிம்பு போடாத ஒரு குரூப்பும் அதே நாள்ல கூடவே இல்லன்னா 200 பேர சேத்தாலும் இதே தப்புதான் வரும்.

மண்டபம் நர்ஸ்:
இத நான் யோசிக்கலப்பா. பெரியம்மாகிட்ட அந்த ஃபாரத்த வாங்கி வை, களிம்பு போடாத அந்த கண்ட்ரோல் குரூப் எழுதியிருக்கான்னு பாத்துட்டு பேசுறேன்.